பிறை தெரிந்துவிட்டது, பள்ளி பஸ் எத்தனை மணிக்கு?

ரமலானை ஒட்டி வளைகுடா வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளில் மார்க்கச் சந்தேகங்களைவிட வீட்டு நிர்வாகக் கேள்விகளே அதிகம். இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில். பெரும்பாலும் அமீரகத்தில் பிள்ளைகளோடு இருப்பவர்களின் கேள்விகள் இவை. மற்ற நாடுகளில் விதி மாறினால் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

கணவருக்கும் எனக்கும் துபாயில் வேலை, வீடு ஷார்ஜாவில். மகனுக்கு 11 வயது, முழு நோன்பு வைக்கிறான். மகளுக்கு 6 வயது. நோன்பு தொடங்கினால் முதல் வாரம் வீடு தலைகீழாகிவிடுகிறது. எந்த அட்டவணை போட்டாலும் மூன்று நாளுக்கு மேல் நிற்பதில்லை. எங்கே தவறுகிறோம்?
– வாசகி, ஷார்ஜா

அட்டவணையைக் காலையிலிருந்து போடுவதில்தான் தவறு. நோன்பு மாதத்தில் நாள் மஃரிபில், அதாவது சூரியன் மறையும் நேரத்தில், முடிந்து மஃரிபில் தொடங்குகிறது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதல் வாரத்தில் வீட்டைச் சாய்ப்பது பசியல்ல, தூக்கக் குறைவு. பசி மூன்றாம் நாளில் பழகிவிடும். தூக்கக் கடன் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

மார்ச் தொடக்கத்தில் ரமலான் பிறந்தால் துபாய், ஷார்ஜா பக்கம் சுபுஹு பாங்கு (அதிகாலைத் தொழுகை அழைப்பு) ஏறக்குறைய 5.30-க்கு, மஃரிப் 6.20-க்கு. மகன் வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதை ஒரே நீட்டாகத் தர இந்த மாதத்தில் வழியில்லை, மூன்றாகப் பிரித்துத்தான் தர முடியும். இரவு 9 முதல் 4.45 வரை ஒரு தூக்கம். விடியலுக்கு முந்தைய சஹர் உணவைச் சாப்பிட்டுத் தொழுதுவிட்டு 5.50 முதல் 6.50 வரை ஒரு தூக்கம். பள்ளி விட்டு வந்ததும் 2 மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். மொத்தம் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வந்துவிடும். பகல் தூக்கம் 4 மணியைத் தாண்டக் கூடாது. பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகும் தூங்கவிட்டால் இரவு 11 மணி வரை விழித்திருப்பான், மறுநாள் சஹருக்கு எழுப்ப முடியாது. உங்கள் அட்டவணை மூன்றாம் நாளில் உடைவதற்குப் பெரும்பாலும் இந்த மாலைத் தூக்கம்தான் காரணமாக இருக்கும்.

மகளைச் சஹருக்கு எழுப்பாதீர்கள். அவளே எழுந்து வந்தால் இருக்கட்டும். நோன்பில்லாத பிள்ளைக்கு வழக்கமான நேரத்தில் மதியச் சாப்பாடு வேண்டும். பெரியவர்கள் நோன்பில் இருக்கிற வீட்டில் சின்னதுக்குப் பிஸ்கட்டும் பாலுமாக மதியம் ஓடிவிடுவது சகஜம். முதல் நாள் இரவு நோன்பு திறந்த பிறகு சமைக்கும்போதே அவள் பங்கைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டால் இது நடக்காது.

பள்ளி நேரம் குறையும். துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்க்கும் கே.எச்.டி.ஏ. ரமலானில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது என்கிறது. சுற்றறிக்கை வந்ததும் முடியும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பஸ் உங்கள் கட்டடத்துக்கு வரும் நேரத்தைப் போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ரமலானில் பஸ் வரிசை மாறும். வழக்கமாகக் கடைசியில் இறங்கும் பிள்ளை முதலில் இறங்கி, பூட்டிய கதவின் முன் நிற்க நேரலாம். வெள்ளிக்கிழமையையும் தனியாகக் கவனியுங்கள். 2022 முதல் ஷார்ஜா பள்ளிகளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. துபாயில் வெள்ளி அரை நாள் வேலை உண்டு. பிள்ளைகள் ஷார்ஜா பள்ளியில் படித்தால், வெள்ளி காலை யார் வீட்டில் இருப்பது என்பதை ரமலானுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அலுவலகத்தைப் பொறுத்தவரை, அமீரகத்தில் தனியார் துறையில் நோன்பு வைப்பவர், வைக்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் குறைய வேண்டும். சவூதியிலும் பஹ்ரைனிலும் இந்தச் சலுகை முஸ்லிம் ஊழியர்களுக்கு மட்டும். அங்கே ஒரு நாளைக்கு 6 மணி நேரம் அல்லது வாரத்துக்கு 36. அமீரகத்தில் இரண்டு மணி நேரம் குறைப்பது சட்டம், எந்த இரண்டு மணி என்பது கம்பெனியின் முடிவு. காலையில் குறைத்துவிட்டால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, ஷார்ஜா நெரிசலில்தான் நோன்பு திறப்பீர்கள். பிறைக்குப் பத்து நாள் முன்பே, சீக்கிரம் வந்து சீக்கிரம் போகிறேன் என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள். தம்பதியில் ஒருவருக்காவது 3 மணிக்குள் வெளியேறும் ஷிப்ட் கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மற்றவர் காரில் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் தண்ணீர் பாட்டிலும் நிரந்தரமாக இருக்கட்டும். மஃரிபுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் அல் இத்திஹாத் சாலையில் லேன் மாறி மாறி ஓட்டி மிச்சமாவது ஐந்து நிமிடம்கூட இருக்காது. விபத்துகளைப் பற்றிப் போலீஸ் வருடா வருடம் எச்சரிப்பதும் இந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்.

போட்ட அட்டவணையை மாதம் முழுக்க அப்படியே வைத்திருக்கவும் முடியாது. மார்ச் கடைசிக்குள் சுபுஹு 5 மணிக்கு வந்துவிடும், மஃரிப் 6.35-ஐத் தாண்டும். அலாரத்தை வாரம் ஒருமுறை ஏழெட்டு நிமிடம் முன்னே தள்ளுங்கள்.

எட்டு வயது மகள் இந்த வருஷம் நோன்பு வைத்தே தீருவேன் என்று அடம் பிடிக்கிறாள். வைக்கவிடலாமா? பள்ளி நாளில் எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், அபுதாபி

பருவம் எய்தும் வரை நோன்பு கடமையில்லை. அவளுடையது பழக்கம், அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசையை வெட்டவும் வேண்டாம், முதல் நாளே முழு நோன்புக்கு விடவும் வேண்டாம்.

தலை நோன்பை, அதாவது முதல் முழு நோன்பை, பள்ளியில்லாத நாளில் வையுங்கள். அதற்கு முன் இரண்டு, மூன்று நாள் நண்பகல் தொழுகையான லுஹர் வரை வைத்துப் பார்க்கட்டும். பிறகு அஸர் வரை. பல பிள்ளைகளுக்குச் சிரமம் வருவது பகல் 3 மணியிலிருந்து 5 மணிக்குள். அந்த நேரத்தில் தூக்கமோ, உட்கார்ந்து செய்கிற ஒரு வேலையோ இருந்தால் தாண்டிவிடுவார்கள். கீழே போய் சைக்கிள் ஓட்டவிட்டால் தாகத்தில் சோர்ந்துவிடுவார்கள்.

சஹரில் இரவு மிஞ்சிய பிரியாணியைச் சூடாக்கிக் கொடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. உப்பும் மசாலாவும் பத்து மணிக்கே தாகத்தைக் கிளப்பும். ஊறுகாய், அப்பளம், நூடுல்ஸுக்கும் அதே கதை. முட்டை, தயிர்சாதம், கேழ்வரகுக் கூழ், ஓட்ஸ், வாழைப்பழம் எல்லாம் தாங்கும். தண்ணீரைப் பாங்குக்கு ஐந்து நிமிடம் முன் இரண்டு டம்ளராகக் கவிழ்த்தால் அது உடம்பில் தங்காது. நோன்பு திறந்ததிலிருந்து தூங்கும் வரை சிறுகச் சிறுக நான்கைந்து டம்ளர், சஹரில் ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள்.

பள்ளி நாளில் நோன்பு வைத்தால் வகுப்பு ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: இன்று நோன்பு, உடற்பயிற்சி வகுப்பில் உட்காரவைக்கவும், தலைசுற்றினால் தண்ணீர் கொடுத்து எங்களை அழைக்கவும். பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஏதாவது ஒரு தின்பண்டமும் கட்டாயம் இருக்கட்டும். தலைசுற்றல், வாந்தி, கை நடுக்கம், குழப்பமான பேச்சு, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே நோன்பை விடவைக்க வேண்டும். 'இன்னும் அரை மணி நேரம்தானே' என்று பெரியவர்கள் சொல்லும் இடம்தான் ஆபத்து. நோன்பை விட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்பதை முதல் நாளே அவள் காதில் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் மறைப்பாள். சர்க்கரை நோய், வலிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அரை நோன்புகூட வேண்டாம்.

நாங்கள் இந்துக் குடும்பம், துபாய்க்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. நோன்பு நேரத்தில் பிள்ளைகளுக்கு லஞ்ச் பாக்ஸ் கொடுத்து அனுப்பலாமா? வெளியே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிறார்கள்.
– வாசகி, துபாய்

தாராளமாகக் கொடுத்து அனுப்புங்கள். நோன்பில்லாத பிள்ளைகள் சாப்பிடப் பள்ளியிலேயே ஓர் அறை ஒதுக்குவார்கள். பஸ்ஸில் மட்டும் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பள்ளி நேரம் குறைவதால் ஒரு இடைவேளைதான் இருக்கும், இரண்டு டப்பா தேவைப்படாது.

சின்னப் பிள்ளை பூங்காவில் தண்ணீர் குடித்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் ரோட்டிலும், பஸ் நிறுத்தத்திலும், மெட்ரோவிலும், சிக்னலில் நிற்கிற காருக்குள்ளும் சாப்பிடாமல், குடிக்காமல், சிகரெட் பிடிக்காமல் இருக்க வேண்டும். சூயிங்கமும் கணக்கில் வரும். 2021 முதல் துபாய் உணவகங்கள் பகலில் திரை போட்டு மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம், பார்சல் வாங்கலாம். குவைத்துக்கு மாற்றலாகிப் போனால் இதே தளர்வை எதிர்பார்க்காதீர்கள். அங்கே 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி நோன்புப் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது அபராதமும் சிறையும் கிடைக்கக்கூடிய குற்றம். சவூதியிலும் கண்டிப்புதான்.

ஆபீஸ் பான்ட்ரியில் சாப்பிடலாம், கதவைச் சாத்திக்கொண்டு. மீன் பொரித்ததை மைக்ரோவேவில் சூடாக்குவதை மட்டும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அதற்குச் சட்டம் எதுவும் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரருக்கு மூக்கு உண்டு.

பக்கத்து வீட்டிலிருந்து மாலையில் ஒரு கிண்ணம் கஞ்சியோ, கோதுமையும் கறியும் சேர்ந்த ஹரீஸோ வந்தால், கிண்ணத்தை வெறுமையாகத் திருப்ப வேண்டாம். பழமோ சுண்டலோ போதும். சைவமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. கஞ்சி வெள்ளையாகத்தான் இருக்கும், கறி அடியில் கிடக்கும்.

ஊரில் பள்ளிவாசல் கஞ்சி குடித்த நாக்குக்கு இங்கே வீட்டில் வைக்கிற கஞ்சி ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஒரு நாள் பசையாகிறது, ஒரு நாள் தேங்காய்ப்பால் திரிகிறது. அளவு சொல்லுங்கள்.
– வாசகி, ஷார்ஜா

பள்ளிவாசல் அண்டாவில் மணிக்கணக்கில் வெந்த கஞ்சியின் ருசி ஃப்ளாட் குக்கரில் அப்படியே வராது. கிட்டத்தட்டக் கொண்டுவரலாம்.

ஐந்து பேருக்கு: பச்சரிசி நொய் 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன், ஆட்டுக் கொத்துக்கறி 150 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, பச்சை மிளகாய் 3, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 3, ஏலக்காய் 2, புதினாவும் மல்லித்தழையும் ஒவ்வொரு கைப்பிடி, தண்ணீர் 2 லிட்டர், கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி.

பாஸ்மதி வேண்டாம். அது உதிரியாகவே நிற்கும், கஞ்சியோடு கரையாது. நொய் கிடைக்காவிட்டால் சோனா மசூரி பச்சரிசியை மிக்ஸியில் இரண்டு சுற்று சுற்றி உடைத்துக்கொள்ளுங்கள். மாவாகிவிடக் கூடாது, மாவானால்தான் பசை. அரிசி, பருப்பு, வெந்தயம் மூன்றையும் கழுவி இருபது நிமிடம் ஊறவிடுங்கள். வெந்தயம் ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் கசப்பு தலைதூக்கும்.

5 லிட்டர் குக்கரில் எண்ணெயும் கொஞ்சம் நெய்யும் விட்டு வாசனைச் சாமான், வெங்காயம், பச்சை மிளகாய், விழுது என்ற வரிசையில் வதக்குங்கள். விழுதின் பச்சை வாசனை போன பிறகே தக்காளி. பிறகு கறி. கறியின் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும் வரை பொறுங்கள், அவசரப்பட்டால் கஞ்சி முழுக்கக் கவிச்சி அடிக்கும். கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், தழைகள், ஊறிய அரிசி, தண்ணீர், கொஞ்சம் உப்பு. முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். குக்கர் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. அரிசிப் பருப்பின் நுரை மேலேறி விசில் துவாரத்தை அடைத்துவிடும். 3 லிட்டர் குக்கர்தான் இருக்கிறது என்றால் அளவை அப்படியே பாதியாக்குங்கள்.

ஆவி தானாக அடங்கிய பிறகு திறந்து மத்தால் நாலு முறை கடையுங்கள். இப்போதுதான் தேங்காய்ப்பால். அடுப்பு மிகச் சிறு தீயில், பால் ஊற்றி ஓரத்தில் நுரை கட்டும்போதே அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் திரியும். டின் பாலாக இருந்தால் நன்றாகக் குலுக்கி, இரண்டு கரண்டிச் சூடான கஞ்சியை அதில் கலந்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினால் திட்டுத் திட்டாக நிற்கும். உப்பைக் கடைசியில் சரி பார்க்கச் சொல்வார்கள். நோன்பில் ருசி பார்க்கப் பலரும் தயங்குவார்கள் என்பதால் முதல் நாள் போட்ட உப்பை அளந்து குறித்து வைத்துக்கொள்வதே வழி. நோன்பில்லாத மகனோ மகளோ வீட்டில் இருந்தால் அவர்களே நீதிபதி.

கஞ்சி ஆற ஆற இறுகும். நோன்பு திறக்கச் சரியாக இருக்க வேண்டுமென்றால் அடுப்பிலிருந்து இறக்கும்போது உங்களுக்கே 'தண்ணியாகிவிட்டதோ' என்று தோன்ற வேண்டும். ஃபிளாஸ்க்கில் அரை லிட்டர் வெந்நீர் வைத்திருந்து இளக்கிக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப் பிரியும்.

வேலைக்குப் போகிறவர்கள் கறி வதக்கும் கட்டம் வரை ஒரு வாரத்துக்குச் செய்து, ஆறவைத்து, ஒரு நாளுக்கு ஒரு பையாக ஃபிரீசரில் வைத்துவிடலாம். மாலையில் அரிசியும் தண்ணீரும் சேர்த்தால் நாற்பது நிமிடத்தில் கஞ்சி. தேங்காய்ப்பால் சேர்த்த கஞ்சியை ஃபிரீசரில் வைக்காதீர்கள், உருகும்போது பிரிந்துவிடும். இதெல்லாம் முடியாத நாளில் துபாய் தேரா பக்கம் போனால், தமிழ் அமைப்புகள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகின்றன. வடையோடு.

அமீரகத்தில் நோன்பு தொடங்கிவிட்டு, பாதியில் பிள்ளைகளோடு சென்னை வருகிறோம். இங்கேயும் அங்கேயும் ஒரு நாள் வித்தியாசம். எத்தனை நோன்பு வைப்பது?
– வாசகர், அல் அய்ன்

எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் மக்களோடு நோன்பும் பெருநாளும். இதுவே அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்லும் வழி. 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் மார்ச் 1-இல் தொடங்கி மார்ச் 30 பெருநாள், அதாவது 29 நோன்பு. தமிழ்நாட்டில் மார்ச் 2-இல் தொடங்கி மார்ச் 31 பெருநாள். அமீரகத்தில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கு வந்தவருக்கு 30 நோன்பு கிடைத்தது. தமிழ்நாட்டில் தொடங்கி அமீரகத்துக்குப் போனவருக்கு 28-தான். மாதம் 29-க்குக் குறையாது என்பதால் அவர் பெருநாளுக்குப் பிறகு ஒன்றைக் களா செய்ய, அதாவது ஈடாக வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாதம் 30 நாளாகி, வந்தவருக்கு 31 ஆனாலும் ஊரோடு சேர்ந்து வைத்துவிடுவதே முறை.

விமானத்தில் நோன்பு திறப்பது ஜன்னலில் தெரிகிற சூரியனை வைத்து. கீழே இருக்கும் ஊரில் பாங்கு சொல்லியாயிற்று என்று திறந்துவிடக் கூடாது, மேலே சூரியன் சில நிமிடம் தாமதமாகத்தான் மறையும். கிழக்கே வருகிற பயணத்தில் பகல் சுருங்கும், ஊரிலிருந்து திரும்பும்போது ஒன்றரை மணி நேரம் நீளும். பிள்ளை நோன்பு வைத்திருந்தால் திரும்பும் டிக்கெட்டை இரவில் போடுங்கள். பயணத்தில் நோன்பை விட்டுப் பிறகு வைக்கப் பெரியவர்களுக்கே சலுகை உண்டு.

ஊரில் ஒரு ஏழைக் குடும்பத்துக்காகக் கட்டட வாட்ஸ்அப் குழுவில் பணம் திரட்டலாம் என்று நினைக்கிறோம். ரமலானில் தர்மம் தடையா என்ன?
– வாசகர், அஜ்மான்

தர்மத்துக்குத் தடையில்லை, திரட்டுவதற்கு உண்டு. அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர யாரும் பொதுவில் நன்கொடை கேட்கக் கூடாது என்று அமீரகத்தில் 2021-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அபராதம் லட்சம் திர்ஹத்தைத் தாண்டும். நல்ல நோக்கம் என்பது அங்கே வாதமாக எடுபடாது. அவரவர் தனித்தனியாக அந்தக் குடும்பத்தின் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், குழுவில் கணக்கு எண் போட வேண்டாம்.

நான்கு மாதக் கைக்குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். நோன்பு வைக்கலாமா?
– வாசகி, தோஹா

விட்டுவிட்டுப் பிறகு வைக்கும் சலுகை உங்களுக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் வேறு ஆகாரம் இல்லாத குழந்தை என்பதால் அதைப் பயன்படுத்திக்கொள்வதே நல்லது. வைத்துத்தான் பார்ப்பேன் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு, குழந்தையின் டயப்பரை எண்ணுங்கள். ஒரு நாளில் ஆறு ஈர டயப்பருக்குக் குறைந்தால், அல்லது உங்களுக்குச் சிறுநீர் அடர் மஞ்சளானால், அன்றே விட்டுவிடுங்கள்.

ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹுக்குச் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? காரை எங்கே நிறுத்துவது என்பதே பெரும்பாடு.
– வாசகர், துபாய்

இங்கே பல பள்ளிவாசல்களில் எட்டு ரக்அத்தும் (ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று), அதை முடித்துவைக்கும் வித்ர் தொழுகையும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் முதல் நான்கு ரக்அத்தோடு திரும்பிவிடுங்கள். கடைசி வரிசையின் ஓரம் பிடித்து நின்றால் வெளியேறுவது சுலபம். வாரநாளில் வேண்டாம், தூக்கம் கெடும். பார்க்கிங் விஷயத்தில், 2025 ரமலானில் துபாயில் காலை 8 முதல் மாலை 6 வரை, பிறகு இரவு 8 முதல் 12 வரை கட்டணம் இருந்தது. இஃப்தார் நேரத்தில் இலவசமாக நிறுத்திய கார் இரவுத் தொழுகையான இஷா முடிந்து தராவீஹ் தொடங்கும்போது கட்டண நேரத்துக்குள் போய்விடும். தொழுகைக்கு நிற்கும் முன் ஆப்பில் பணம் கட்டிவிட்டுப் போனை அணையுங்கள். ஒவ்வொரு வருஷமும் துபாய் போக்குவரத்து ஆணையமான ஆர்.டி.ஏ. புதிதாக நேரம் அறிவிக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.